பாலாகோட்: 300 பண்டல் கணக்கு

2019 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. இந்தியாவில் விடியற்காலை மூன்றரை மணி என்றால் பினாங்கில் காலை ஆறு. இந்திய விமானப்படையின் மிராஜ் 2000 விமானங்கள் பாகிஸ்தானுக்குள் போய் பாலாகோட் அருகே குண்டு போட்டுத் திரும்பிய நேரத்தில் நான் பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு நின்றிருந்தேன். அப்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் லெபோ பசாரில் வழக்கமான கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனபோதுதான் தெரிந்தது. அதற்குள் அங்கே போரே முடிந்திருந்தது.

மச்சான் போனில் 300 பேர் செத்திருந்தார்கள். கடைக்காரர் பாய் போனில் நாலு மரம் விழுந்திருந்தது.

மச்சானுக்குச் சென்னைச் சொந்தங்களின் குரூப்பிலிருந்து வந்த சங்கதி. பாய்க்கு பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம்; ஆனால் துணி வியாபாரத்தில் பழக்கமான ஒரு பாகிஸ்தானி நண்பர் கோலாலம்பூரில் இருக்கிறார், அவர் அனுப்பியது. இரண்டு பேரும் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதான் கணக்கு பாக்கற ஆளு."

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சில மாதம், கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாய் கேட்ட கேள்விக்கு இது ரொம்பத் தாமதமான பதில்.

நான் 31 வருடம் இன்சூரன்ஸ் அட்ஜஸ்டராக இருந்தவன். தீப்பிடித்த இடத்துக்குப் போய் எரிந்தது என்ன, எவ்வளவு, கிளெய்மில் எழுதியிருப்பதில் எவ்வளவு நியாயம் என்று பார்ப்பது தொழில். ஒரு சம்பவம் சொல்கிறேன், இந்த ஆய்வு முழுக்க அது கூடவே வரும்.

பிறையில் ஒரு குடோன். பழைய துணி பண்டல் வைத்திருந்தார்கள். ராத்திரி பிடித்த தீ விடியும்வரை அடங்கவில்லை. முதலாளி கிளெய்ம் பாரத்தில் 300 பண்டல் என்று எழுதியிருந்தார், பில்லும் வைத்திருந்தார். பில்லில் குற்றம் சொல்ல முடியாது. துணி எரிந்துவிட்டது, சாம்பலை எண்ண முடியாது. ஆனால் ஒவ்வொரு பண்டலையும் நாலு இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். பட்டைக்கு ஒரு பூட்டு. துணி எரியும், பட்டை எரியாது, கறுத்துச் சுருண்டு கிடக்கும். நானும் ஒரு பையனும் இரண்டு நாள் சாம்பலைக் கிளறி அந்தப் பூட்டுகளை அரிசிச் சாக்கில் பொறுக்கினோம். 456 வந்தது. நாலால் வகுத்தால் 114 பண்டல். முதலாளி பொய் சொன்னாரா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 300 பண்டல் வந்தது நிஜம். மிச்சம் முந்தின வாரமே லாரி ஏறி ஈப்போவுக்குப் போயிருந்தது.

குடோனுக்குள் வந்த கணக்கு வேறு, தீப்பிடித்த ராத்திரி உள்ளே இருந்த கணக்கு வேறு. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சரி, பாலாகோட்டுக்குப் போவோம்.

இரண்டு அறிக்கை

பின்னணி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிப்ரவரி 14 அன்று காஷ்மீரில் புல்வாமாவில் தற்கொலைத் தாக்குதல். மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பாகிஸ்தானிலிருந்து இயங்கும் ஜெய்ஷ்-இ-முகமது என்ற தீவிரவாத அமைப்பு பொறுப்பேற்றது. 12 நாள் கழித்து இந்தப் பதிலடி. 1971 போருக்குப் பிறகு இந்தியப் போர் விமானங்கள் கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்க் குண்டு போட்டது இதுதான் முதல் தடவை.

முதலில் எந்த பாலாகோட் என்பதிலேயே குழப்பம். எல்லைக்கோட்டை ஒட்டி பூஞ்ச் பக்கம் அதே பேரில் ஓர் ஊர் இருக்கிறது. அதுவா, கைபர் பக்தூன்குவா மாகாணத்து பாலாகோட்டா? முதலாவது என்றால் எல்லைச் சச்சரவு, வருஷா வருஷம் நடப்பது. இரண்டாவது என்றால் காஷ்மீரையே தாண்டி பாகிஸ்தானின் சொந்த மண். இந்தக் கேள்வியை அன்று காலையிலேயே பொதுவில் கேட்டவர் காஷ்மீர் அரசியல் தலைவர் உமர் அப்துல்லா. இரண்டாவதுதான் என்று உறுதியானது. பாலாகோட் ஊரை ஒட்டிய ஜாபா என்ற மலைக் கிராமம்.

இந்தியாவின் அதிகாரபூர்வ வார்த்தை வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே வாசித்தது. அதை நாலைந்து தடவை படித்தேன். ஜெய்ஷின் மிகப் பெரிய பயிற்சி முகாம் தாக்கப்பட்டது, "மிகப் பெரிய எண்ணிக்கையில்" தீவிரவாதிகளும் பயிற்சியாளர்களும் மூத்த தளபதிகளும் ஒழிக்கப்பட்டார்கள், முகாமை நடத்தியவர் ஜெய்ஷ் தலைவர் மசூத் அசாரின் மைத்துனர் யூசுஃப் அசார், இது ராணுவ இலக்கல்லாத முன்தடுப்பு நடவடிக்கை. 300 என்ற எண் அதில் எங்கேயும் இல்லை. இன்னொரு வரியும் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை: தாக்குதல் நடந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, மேல்விவரத்துக்குக் காத்திருக்கிறோம். அந்த மேல்விவரம் பிறகு வரவே இல்லை. கிளெய்ம் பாரத்தில் "விவரம் பின்னால் தரப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரைப் பார்த்தால் எங்கள் தொழிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்போம்.

பாகிஸ்தானின் வார்த்தை அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. ராணுவப் பேச்சாளர் மேஜர் ஜெனரல் ஆசிஃப் கஃபூர் ட்விட்டரில் எழுதினார்: முசாஃபராபாத் பகுதி வழியாக இந்திய விமானங்கள் ஊடுருவின, எங்கள் விமானப்படை விரட்டியதும் தப்பி ஓடும் அவசரத்தில் சுமையை அவிழ்த்துவிட்டன, அது பாலாகோட் அருகே விழுந்தது, உயிர்ச்சேதமும் இல்லை, பொருள்சேதமும் இல்லை. கூடவே மண்பள்ளத்தின் படம், முறிந்த மரத்தின் படம்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒப்புக்கொள்ளும் விஷயம் நிறைய இருக்கிறது. விமானம் வந்தது உண்மை. குண்டு விழுந்தது உண்மை. விழுந்த இடம் பாலாகோட் பக்கம் என்பது உண்மை. சண்டை எல்லாம் மூன்றே கேள்வியில்தான்: எதைக் குறிவைத்தார்கள், அது பட்டதா, எத்தனை பேர். மச்சானும் பாயும் மூன்றாவது கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணுக்குச் சொந்தக்காரர் யார்

300 எங்கிருந்து வந்தது? அன்றைக்கே இந்தியத் தொலைக்காட்சிகளில் "வட்டாரங்கள்" சொன்னதாக வந்தது. வட்டாரத்துக்கு முகம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஒரு சேனல் 300 என்றது, இன்னொன்று 350 என்றது. மார்ச் 3 அன்று பாஜக தலைவர் அமித் ஷா அகமதாபாத்தில் 250-க்கு மேல் என்றார். பேர் போட்டு ஓர் எண்ணைச் சொன்ன பெரிய ஆட்களில் அவர் ஒருவர், அதுவும் தேர்தல் நெருங்கும் நேரத்தில், கட்சிக் கூட்டத்தில். அதற்கு ஒரு நாள் முன்னால் மத்திய அமைச்சர் எஸ்.எஸ். அலுவாலியா, ஆளைக் கொல்வது நோக்கமே இல்லை, எங்களால் முடியும் என்று காட்டுவதுதான் நோக்கம் என்கிற மாதிரிப் பேசினார். ஒரே அரசின் இரண்டு வாய்.

மார்ச் 4 அன்று விமானப்படைத் தளபதி பி.எஸ். தனோவா கோயம்புத்தூரில் நிருபர்களைச் சந்தித்தார். எனக்கு இந்த விவகாரத்திலேயே பிடித்த பதில் அவருடையதுதான். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று விமானப்படை சொல்ல முடியாது, நாங்கள் ஆளை எண்ணுவதில்லை, இலக்கைத் தொட்டோமா இல்லையா என்றுதான் எண்ணுவோம் என்றார். எண்ணைச் சொல்ல அதிகாரம் இருந்த மனிதர் எண்ணைத் தொட மறுத்துவிட்டார். கூடவே, காட்டில்தான் போட்டோம் என்றால் பாகிஸ்தான் ஏன் பதிலடி கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அது வாதம், ஆதாரம் ஆகாது. எல்லை தாண்டி வெறும் கல்லைப் போட்டிருந்தாலும் பதிலடி வந்திருக்கும்.

அதே வாரம் இன்னொரு கதை வந்தது. தாக்குதலுக்கு முன் அந்த முகாமில் சுமார் 300 கைப்பேசிகள் இயங்கிக்கொண்டிருந்ததை இந்தியாவின் தொழில்நுட்ப உளவு அமைப்பு கண்காணித்தது என்று. உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் அசாமில் ஒரு கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, மரங்களா போன் பேசின என்று கேட்டார். கைதட்டல் வாங்கும் கேள்விதான். ஆனால் இதைப் படித்ததும் எனக்குப் பிறை குடோன் ஞாபகம் வந்துவிட்டது. 300 போன் இருந்தது என்பது சரக்கு வந்த பில். தீப்பிடித்த ராத்திரி உள்ளே இருந்த கணக்கு அது இல்லை. போன் இயங்கியது நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், குண்டு விழுந்தபின் எத்தனை நின்றது என்பதல்லவா பூட்டு எண்ணிக்கை? அதை ஒருவரும் சொல்லவில்லை.

நடுவில் வாட்ஸ்அப் படங்களையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் காட்டியதில் வரிசையாகப் பிணங்கள் கிடந்த படம் ஒன்று. இந்த மாதிரி உலவிய படங்களில் சில 2005 அக்டோபர் 8 பூகம்பத்தில் எடுத்தவை என்று பிறகு சரிபார்ப்பவர்கள் காட்டினார்கள். பாலாகோட் அந்தப் பூகம்பத்தில் தரைமட்டமான ஊர். ஆக ஊர் பேர் சரி, பிணமும் நிஜம், வருடம்தான் 14 தள்ளிப் போய்விட்டது. விமானத்திலிருந்து எடுத்த மாதிரி கறுப்பு வெள்ளையில் ஓடிய குண்டுவீச்சு வீடியோ ஒரு கணினி விளையாட்டிலிருந்து வந்தது. பாய் பக்கமும் சுத்தமில்லை: சுட்டு வீழ்த்திய இந்திய விமானம் என்று சுற்றிய படம் 2015-இல் ஒடிசாவில் விழுந்த பயிற்சி விமானம்.

மேலிருந்து பார்த்தவர்கள்

இனி இரும்புப் பட்டைக்கு வருவோம். மார்ச் 4 அன்று பிளானட் லேப்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் எடுத்த படத்தை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. இந்தியா முகாம் என்று சொன்ன இடம் ஜாபா மலையுச்சியில் இருக்கும் ஒரு மதரஸா. அதன் கட்டடங்கள், குறைந்தது ஆறு, அப்படியே நின்றன. 2018 ஏப்ரலில் எடுத்த படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூரையில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை இல்லை, சுவர் சாயவில்லை, சுற்றி மரம் விழவில்லை. ஆஸ்திரேலிய வியூகக் கொள்கை நிறுவனம், அட்லாண்டிக் கவுன்சிலின் டிஜிட்டல் தடயவியல் ஆய்வகம் இரண்டும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, குண்டு விழுந்த தடம் மூன்று இடத்தில் தெரிகிறது, எல்லாம் கட்டடத்துக்கு வெளியே காட்டில் என்றன. ஏறக்குறைய 150, 200 மீட்டர் தள்ளி.

இந்தியத் தரப்பு வட்டாரங்களின் பதில்: பயன்படுத்தியது இஸ்ரேலின் ஸ்பைஸ் 2000 வழிகாட்டிக் கருவி மாட்டிய துளைக்கும் குண்டு. கூரையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே போய் வெடிக்கும். கட்டடம் நிற்கும், ஆள் இருக்கமாட்டான்.

இதை எனக்கு விளக்கச் சொல்லி எங்கள் தாமானில் இருக்கும் ஒரு மாமாவிடம் போனேன். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆயுதப் பிரிவில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஹார்னெட் விமானத்துக்குக் குண்டு மாட்டிய கை. வாழைக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்.

"துளைக்கற குண்டுன்னா உடம்பு தடிப்பு எஃகு. அதனால மருந்து கம்மி. தடி கான்கிரீட்டைத் தொளைச்சு உள்ளார போகணும்னு செஞ்சது. பள்ளிக்கூடம் மாதிரி சாதாரணக் கட்டடத்துல போட்டா கூரை, தரை எல்லாம் தாண்டி மண்ணுக்குள்ள போயிடும், அங்க வெடிக்கும். சின்ன ஓட்டைங்கறது சரிதான். ஆனா உள்ள வெடிச்ச காத்து எங்கடா போகும்? சன்னல் வழியா, கதவு வழியா, சுவத்தைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும். சுவர் ஒரு விரக்கடையாவது நகரும்ல?"

நியாயமாகச் சொன்னால் அந்தச் செயற்கைக்கோள் படத்துக்கும் ஓர் அளவு உண்டு. அது 72 சென்டிமீட்டர் வரைதான் பிரித்துக் காட்டும். 900 கிலோ வகைக் குண்டின் குறுக்களவு அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் சுத்தமாகத் துளைத்துப் போன ஓட்டை படத்தில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே "கூரையில் ஓட்டை இல்லை" என்று அந்தப் படத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. "சுவர் சாயவில்லை, கட்டடம் நொறுங்கவில்லை" என்று சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் 300 சாவு அடங்குமா என்பதே கேள்வி. அடங்குவது ரொம்பக் கஷ்டம் என்பது என் முடிவு.

இந்தியாவிடம் ராடார் படம் இருக்கிறது, அதில் ஓட்டை தெரிகிறது, 80 சதவீதக் குண்டு இலக்கைத் தொட்டதற்கு அரசிடம் கோப்பு கொடுத்தாகிவிட்டது என்றெல்லாம் செய்தி வந்தது. கோப்பை வெளியே காட்டவில்லை. ராணுவ ரகசியம் என்பார்கள். இருக்கட்டும். காட்டாத ரசீதை நான் பூஜ்யம் என்று எழுதமாட்டேன். ஆனால் அதற்குக் காசும் கொடுக்கமாட்டேன்.

இங்கே எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது வேறு. ஆஸ்திரேலியக்காரர்கள் மார்ச் கடைசியில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். மூன்று தடமும் கட்டடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், ஒரே திசையில் விலகியிருக்கின்றன என்பது அதன் சாரம். இதை இந்தியாவுக்கு எதிராக மட்டும் எல்லாரும் படித்தார்கள். பாகிஸ்தான் சொன்ன கதைக்கும் இது ஒத்துவரவில்லையே! துரத்தலில் பயந்து அவசரமாக அவிழ்த்துவிட்ட சுமை சிதறி விழும், வரிசையாக விழாது. பிறையிலிருந்து லாரியில் போகும்போது கதவு திறந்து பண்டல் விழுந்தால் ரோடு நீளத்துக்கு இறைந்து கிடக்கும். மூன்று பண்டல் ஒரு கடை வாசலிலிருந்து ஒரே அளவு தள்ளிக் கிடந்தால் யாரோ கடை என்று நினைத்து இறக்கியிருக்கிறார்கள். ஆக, குறிவைத்துப் போட்டார்கள் என்கிற இந்திய வார்த்தை நிற்கிறது. பட்டது என்கிற வார்த்தை நிற்கவில்லை. சேதமில்லை என்கிற பாகிஸ்தான் வார்த்தை ஏறக்குறைய நிற்கிறது. ஓடும் அவசரத்தில் போட்டார்கள் என்பது நிற்கவில்லை. அதே பள்ளங்கள் இரண்டு அறிக்கையையும் அறுக்கின்றன.

ஏன் விலகியது? இலக்கின் உயரத்தை அளப்பதில் இரண்டு வகை அடித்தள அளவு உண்டு, அதில் குழப்பம் வந்திருக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. சாய்ந்து வரும் குண்டுக்கு உயரம் தப்பினால் இடமும் தப்பும் என்பது சரிதான். ஆனால் ஸ்பைஸ் வெறும் எண்ணை வைத்துப் போவதில்லை, கடைசியில் கேமராவால் இடத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அப்புறம் ஏன் எல்லாம் ஒன்றுபோலத் தப்ப வேண்டும்? சார்ஜண்ட் மாமாவுக்கும் விடை தெரியவில்லை. குழாயை மூடிவிட்டு, "2013-ல லஹாட் டத்துல நம்ம ஹார்னெட் போட்டதுக்கே அன்னிக்கு ரெண்டு கதை" என்றார். நிஜம்தான். பிலிப்பைன்ஸிலிருந்து சபாவுக்குள் ஊடுருவிய ஆயுதக் குழுமேல் மார்ச் 5 காலை லஹாட் டத்து பக்கம் கம்போங் தண்டுவோவில் குண்டு போட்ட அன்றே, அவர்களை அனுப்பிய, மணிலாவிலிருந்த கிராம் தரப்பு தங்கள் ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்றது.

தரையில் நடந்தவர்கள்

ஜாபாவுக்குப் போன நிருபர்களிடம் ஊர்க்காரர்கள் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான். ராத்திரி பெரிய சத்தம், வீடு குலுங்கியது, யாரும் சாகவில்லை. ஒருவருக்கு வீட்டில் இருக்கும்போது கண்ணுக்கு மேலே காயம். நான்கு பள்ளம், சாய்ந்த பைன் மரங்கள். ஒருவர், மரங்களைத் தவிரச் செத்தது ஒரு காக்கைதான் என்றார். ஜாபா சுகாதார நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்தவரும் பாலாகோட் ஆஸ்பத்திரி டாக்டரும் காயம்பட்டவர் ஒருவரும் வரவில்லை என்றார்கள். இதுதான் என் கணக்கில் பூட்டு. 300 பேர் செத்தால் அதைவிடக் கூடுதலாகக் காயம் படும். காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட ஆள் வேண்டும், செத்தவனுக்குக் குழி வெட்ட ஆள் வேண்டும். மலைக் கிராமத்தில் இவ்வளவையும் மூடி மறைக்க முடியுமா?

ஆனால் கவனியுங்கள், செயற்கைக்கோளில் தடம் மூன்று, தரையில் போனவர்கள் எண்ணிய பள்ளம் நாலு. ஒன்று மரநிழலில் மறைந்திருக்கலாம். நல்ல எண்ணம் உள்ளவர்கள் எண்ணினாலும் எண் மாறும். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1914 அக்டோபர் 28 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நாலாவது புகைக்கூண்டைப் பொய்யாகக் கட்டிக்கொண்டு நம் துறைமுகத்துக்குள் வந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. செத்தவர்கள் சிலர் இந்த ஊர்க் கல்லறையிலேயே கிடக்கிறார்கள். இருந்தும் இறந்தவர் தொகை ஒரு நூலில் 89, இன்னொன்றில் 91.

பாகிஸ்தான் பக்கம் எனக்கு உறுத்துவது கதவு. கீழே ஊரில் சுற்ற விட்டார்கள். மேலே மதரஸாவுக்கு விடவில்லை. முதல் ஒன்பது நாளில் ராய்ட்டர்ஸ் நிருபர்கள் மூன்று தடவை போய்த் திரும்பினார்கள். பாதுகாப்புக் காரணம், வானிலை என்று சொல்லப்பட்டது. ஒன்றும் ஆகவில்லை என்றால் அன்று மதியமே கதவைத் திறந்து காட்டியிருக்கலாமே! வெளிநாட்டு நிருபர்களையும் தூதரக ஆட்களையும் ராணுவமே ஹெலிகாப்டரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது ஏப்ரல் 10-இல். 43 நாள். போனவர்கள் பார்த்தது நிற்கும் கட்டடம், படிக்கும் பையன்கள்.

43 நாளில் கூரை மாற்றலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். பூட்டி வைத்த குடோன் முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் உள்ளே எதையோ நகர்த்துகிறார்கள். மீதிப் பேர் உள்ளே இருக்கக் கூடாத வேறு எதையோ மறைக்கிறார்கள், தீக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இங்கே இரண்டாவது வகை என்று எனக்குப் படுகிறது. காரணம் அந்தப் பலகை. தாக்குதல் நடந்த வாரம் அல் ஜசீரா நிருபர் மதரஸாவுக்குப் போகும் வழியில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார்: தலைவர் மசூத் அசார், நிர்வாகி யூசுஃப் அசார். வெறும் பள்ளிக்கூடம் என்று சொல்லப்பட்ட இடத்துக்கு ஜெய்ஷ் தலைவரின் பேர் போட்ட பலகை. குண்டு பட்டதா என்ற கேள்வியைவிட, இங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்விக்குத்தான் கதவு மூடியிருக்க வேண்டும். இது என் ஊகம், நிரூபணம் இல்லை.

வேடிக்கை ஒன்று. மார்ச்சில் அந்நாட்டு வனத்துறை 19 மரங்களைச் சேதப்படுத்தியதாக அடையாளம் தெரியாத இந்திய விமானிகள்மேல் போலீஸ் வழக்குப் போட்டதாகச் செய்தி வந்தது. அந்நாட்டுச் சூழல் அமைச்சர் இதைச் சுற்றுச்சூழல் பயங்கரவாதம் என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என்னவோ, இந்த விவகாரத்தில் இரண்டு அரசும் வெளியிட்ட எண்களிலேயே ஒரு மனிதன் நடந்து போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிய எண் அந்த 19 ஆகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள்

பிப்ரவரி 27 சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாகிஸ்தான் விமானங்கள் பதிலுக்கு வந்தன. விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமானின் மிக்-21 விழுந்து அவர் பிடிபட்டார். தமிழ்நாட்டுக்காரர் என்பதால் லெபோ பசாரில் அன்று வேறு பேச்சே இல்லை. பாயே, "பாவம்ணே, புள்ளைய விட்டுரட்டும்" என்றார். மார்ச் 1 ராத்திரி வாகா வழியாகத் திரும்பினார்.

அன்றைக்குக் காலையில் கஃபூர் இரண்டு விமானிகளைப் பிடித்தோம், ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றார். சாயங்காலம் ஒருவர்தான் என்றார். இரண்டு இடத்திலிருந்து வந்த தகவலில் ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம். சண்டை நடக்கும்போது இது சகஜம். இந்தியா இதையே பிடித்துக்கொண்டு, அந்த இரண்டாவது ஆள் அபிநந்தன் வீழ்த்திய எஃப்-16 விமானத்தின் விமானி என்றது. அடுத்த நாள் டெல்லியில் முப்படை அதிகாரிகள் ஏம்ராம் ஏவுகணையின் உடைந்த துண்டைக் காட்டினார்கள். பாகிஸ்தான் விமானங்களில் எஃப்-16 மட்டுமே சுமக்கும் ஏவுகணை அது. அந்தத் துண்டு எதை நிரூபிக்கிறது? எஃப்-16 பறந்தது என்பதை. எஃப்-16 பயன்படுத்தவே இல்லை என்ற பாகிஸ்தான் பேச்சு அதோடு போச்சு. எஃப்-16 விழுந்தது என்பதை அது நிரூபிக்காது. ஏப்ரலில் ஃபாரின் பாலிசி இதழ், அந்த விமானங்களை விற்ற அமெரிக்கர்கள் போய் எண்ணிப் பார்த்ததில் எல்லா எஃப்-16 விமானமும் இருந்தது என்று எழுதியது. அப்படி ஓர் எண்ணிக்கை நடந்ததாகத் தெரியாது என்றது பென்டகன். இந்திய விமானப்படை ராடார் படம் காட்டியது. பாகிஸ்தான் தன் பங்குக்கு சுகோய் 30 ஒன்றை வீழ்த்தியதாகச் சொன்னது. அக்டோபர் 8 விமானப்படை நாளில் இந்தியா அதே விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டியது. சுகோய் விஷயம் முடிந்தது. எஃப்-16 விஷயத்தில் உடைந்த உடலோ வால் எண்ணோ இன்றுவரை யாரும் வைக்கவில்லை. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அதே நாள் காலையில் ஸ்ரீநகர் பக்கம் பட்காமில் இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் விழுந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். எல்லார் கண்ணும் அபிநந்தன்மேல் இருந்ததால் இது மூலையில் வந்த செய்தி. ஏதோ விபத்து என்று போய்விட்டது. அக்டோபரில் புதுத் தளபதி பதாரியா, நம் ஏவுகணைதான் அதை வீழ்த்தியது, பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் சம்பவத்தில் பெயர், உடல், இடம், காரணம் நாலும் சந்தேகமில்லாமல் இருக்கும் சாவு இந்த ஏழுதான். இதை வைத்து எந்தக் குரூப்பிலும் ஒரு படம்கூட வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கோப்பை மூடும்போது ஒரு தொகை எழுத வேண்டும், எழுதுகிறேன். ஜாபா மதரஸாவுக்கு ஜெய்ஷ் தொடர்பு: ஏற்கிறேன். குறிவைத்துத் தாக்கினார்கள்: ஏற்கிறேன். கட்டடம் பெரிய சேதம் அடைந்தது: மறுக்கிறேன், ராடார் படம் வந்தால் மறுபடி பார்ப்பேன். 300, 250: இரண்டுக்கும் பூட்டு இல்லை, தள்ளுபடி. அவசரத்தில் அவிழ்த்துவிட்டார்கள்: தள்ளுபடி. 43 நாள்: விளக்கம் வரவில்லை, பென்சில் கோடு.

அந்த மார்ச்சில் நம் பிரதமர் மகாதீர் இஸ்லாமாபாத் அணிவகுப்பில் விருந்தினராக நின்றதால் கடையில் சூடு இன்னும் ஏறியது. இரண்டு மாதம் மச்சானும் பாயும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஹரி ராயா வந்தது, ரெண்டாங் வந்தது, பேசிக்கொண்டார்கள்.

2025 மே மாதம் அந்த இரண்டு நாடும் மறுபடி மோதியபோது நான் அதே கடையில் அதே நாற்காலியில் இருந்தேன். மச்சான் ஒரு வீடியோவோடு வந்தார். ராத்திரி வானத்தில் ஏதோ எரிந்துகொண்டு விழுகிறது. என் பக்கம் நீட்டுவதற்குள் பாய் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். கல்லாவுக்குத் திரும்பிக்கொண்டே சொன்னார்: "இது கேம்லா. எம் மவன் வீட்டுல வெளயாடறான்."